தெரியாது என்று சொன்ன லயம்

விரட்டினார்களாம்! யார் விரட்டினது? கீழ் லயத்தில் நேற்றும் அதே பேச்சு. தம்பையா மகள் கம்சலாவை நாங்கள் எல்லோரும் சேர்ந்து துரத்திவிட்டோமாம். திங்கட்கிழமை காலையில் அவள் ஓட ஓட, நாங்கள் கைதட்டிக் கத்தினோமாம். கைதட்டியது உண்மை. கத்தியதும் உண்மை. விரட்டினோம் என்கிறவர்கள் என் வாசலுக்கு வந்து சொல்லட்டும், பார்ப்போம்.

கம்சலா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தேயிலைத் தோட்டத்து லயம்தானே, வரிசை வீடுகள் முழுவதற்கும் ஒரே தகரக் கூரை. அதுதான் அந்தப் பிள்ளையை ஆட்டிப் படைத்தது. தன் அடுப்பில் ஒரு பொறி மிஞ்சினாலும் எல்லார் வீடும் எரியும், பழி முழுவதும் தன் தலையில் விழும் என்று நம்பினாள். தீயைப் பற்றிய நினைப்பு வந்தாலே தீ வரப்போகிறது என்றும் நம்பினாள். நினைக்கக் கூடாது என்றால் அதுதானே முந்திக்கொண்டு வரும்? அடுப்பில் தண்ணீர் ஊற்றுவாள், கதவைப் பூட்டுவாள், படியிறங்குவாள், திரும்ப ஓடி வந்து பூட்டைத் திறப்பாள். சாம்பல் சேறாகிக் கிடக்கும். அப்போதும் கேள்வி நிற்காது.

"அம்மாயி, அடுப்பு அணைஞ்சிருச்சா?"

"அணைஞ்சு குளுந்து போச்சு தாயி, நீ போ."

முகம் மலரும். படியிறங்குவதற்குள் மறுபடி வாடிவிடும்.

பதுளை டவுனில் நப்லா தையல் கடை வைத்திருக்கிறாள். கம்சலா தைத்த சட்டையைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கூப்பிட்டாள். கம்சலாவுக்கும் உயிர் அந்த மெஷினில்தான். ஆனால் காலை பஸ் ஹார்ன் அடித்துப் போகும்போது இவள் அடுப்படியில் குந்தியிருப்பாள். கடைசியில் நப்லா போனில் சொல்லிவிட்டாள்: "அடுத்த மாசம் மொத திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் வரலேன்னா வேற ஆளு வச்சிருவேன்."

நான்தான் அவளைப் பதுளைக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். கம்சலாவிடம், "நெனப்பு வேற, தீ வேற. நெனப்பு வந்தா வரட்டும், அதுக்காகத் திரும்பிப் போகாதீங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மா, அவங்க கேட்டா இனிமே அணைஞ்சிருச்சுன்னு சொல்லாதீங்க. தெரியாதுன்னு சொல்லுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பசிக்குதுன்னு வாற பிள்ளைக்குச் சோறு இல்லேங்கச் சொல்றீங்களா?"

"இது பசி இல்லம்மா, அரிப்பு. சொறியச் சொறியக் கூடும்."

பஸ்ஸில் வீடு வரைக்கும் டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தேன். கம்சலாதான் என் கையைப் பிடித்தாள். "நானே அழுது கேட்டாலும் சொல்லாதீங்க அம்மாயி."

அவளே சொன்ன பிறகு என்ன பேச்சு? லயம் முழுக்கச் சொல்லி வைத்தேன். கோடி வீட்டுப் பரிமளத்துக்கு வாயைக் கட்டத் தெரியாது. அவளோ அந்த ஒரு சொல்லை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, என் சொளகு எங்க?" என்று நான் கேட்டாலும், "தெரியாது!" சொளகு அவள் கையிலேயே இருக்கும்.

கம்சலா முதலில் பீலி வரைக்கும் போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள், நடுவில் திரும்பாமல். பிறகு கோயில் வரைக்கும். வியர்த்துக் கொட்டும். நின்று மூச்சு வாங்குவாள். ஆனால் திரும்ப மாட்டாள். சில நாள் தோற்று ஓடி வந்துவிடுவாள். மறுநாள் மறுபடி புறப்படுவாள்.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. அடுப்பை ஒரே தடவை அணைத்தாள். பூட்டினாள். முற்றத்தில் இறங்கியவள் நின்றுவிட்டாள். கீழே வளைவில் பஸ் சத்தம். லயமே வாசலில் நிற்கிறது.

"அம்மாயி... அடுப்பு?"

அணைஞ்சிருச்சு தாயி என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வெற்றிலையை அதக்கிக்கொண்டேன். "எனக்குத் தெரியாதுடி."

"எனக்கும் தெரியாது!" என்று பரிமளம் கத்தினாள். அடுத்த வாசல், அதற்கடுத்த வாசல், எல்லோரும், "தெரியாது! தெரியாது!" தம்பையாவும், "அப்பனுக்கும் தெரியாதும்மா, ஓடு!" என்றான்.

கம்சலா சிரித்துவிட்டாள். "ஒண்ணுமே தெரியாத லயம்!" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். நாங்கள் கைதட்டினோம். பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

பரிமளம் மெதுவாக என் பக்கம் வந்தாள். "ஜன்னல் வழியா ஒரு எட்டுப் பாத்துருவமா?"

"வாய மூடிட்டுப் போடி" என்றேன். எனக்கும் கழுத்து அந்தப் பக்கமே இழுத்தது. பார்க்கவில்லை.