திரும்பி வந்த கார்

இதை எழுதலாம் என்று உட்கார்ந்து, பேனாவை மூடிவிட்டு எழுந்தது எத்தனை முறை என்று எனக்கே தெரியாது. ஏழு வருடம் தயங்கிவிட்டேன். அதிகம் படித்தவனில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெப்ரா என்கிற ஊரில் எனக்குத் தொழிற்சாலை வேலை. ஒரு சனிக்கிழமை மதியம், காலை ஷிப்டு முடித்த மனைவியை அழைத்துவர நான்கு வயது மகளோடு காரில் கிளம்பினேன். வழியில்தான் எங்கள் கோயில். அங்கே குகை போலக் கட்டிய மாதா கெபியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றாமல் அந்த இடத்தைக் கடந்து எனக்குப் பழக்கமில்லை. மகள் பின் சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டாள். கோயில் வளாகத்துக்குள் காரை நிறுத்தினேன். நல்ல வெயில். ஏர்கோன் ஓடட்டும் என்று துண்டைப் போர்த்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன்.

கெபியில் நாலைந்து பேர் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், யாரும் கவனிக்காமல், முழந்தாளிட்டேன். பாதியில் எழுந்து போக மனம் வரவில்லை. முடித்துவிட்டுத் திரும்பினால், என் கார் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் இரண்டு பையன்கள்.

பாப்பா, பாப்பா என்று கத்திக்கொண்டு ஓடினேன். கெபியில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடிவந்து, "பாப்பா எங்க?" என்றார்கள். பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ரெண்டு பசங்க என்னைத் தள்ளிவிட்டுட்டு காரை எடுத்துட்டாங்க. பாப்பா உள்ள இருக்கா" என்றேன்.

யாரோ போலீசுக்கு போன் செய்தார்கள். நான் கெபிக்கு முன்னால் விழுந்து, மாதாவே, என் பிள்ளையை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரத்தில் அதே கார் கேட்டுக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் குதித்து ஓடிவிட்டான். மற்றவன் ஓடவில்லை. நம் தமிழ்ப் பையன்தான், பதினாறு வயது இருக்கும். என் மகள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையில் சோயா பால் பெட்டி. அழுகையை நிறுத்த வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஆட்கள் அவனைச் சூழ்ந்தார்கள்.

"பாப்பாவ புடிங்க அங்கிள் மொதல்ல. அப்புறம் அடிங்க."

வாங்கிக்கொண்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"பின்னால பாப்பா இருந்தது சத்தியமா தெரியாது லா. இவ்ளோ சின்னப் புள்ளைய யாராச்சும் இப்படி வுட்டுட்டுப் போவாங்களா?"

ஓங்கி அறைந்தேன். அந்தக் கேள்விக்காகத்தான் அறைந்தேன். பிறகு மற்றவர்கள் ஆரம்பித்தார்கள். போலீஸ் வந்துதான் அவனை மீட்டது. யாரையும் தள்ளவே இல்லை என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. என் பொய் ரிப்போர்ட்டிலும் ஏறியது.

அன்று சாயங்காலம் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தள்ளிவிட்டாங்கங்கிறீங்க. சட்டையில ஒரு பொட்டு மண்ணு கூட இல்லியே?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு இத ஸ்டேஷன்ல சொல்லுங்க. அடிச்சுப் பறிச்சான்னு எழுதினா அந்தப் பையன் வாழ்க்கையே போயிரும். நம்ம புள்ளைய திரும்பத் தூக்கிட்டு வந்தவன் அவன்."

மறுநாள் ஸ்டேஷன் பெஞ்சில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கைகூப்பினார். "மன்னிச்சிருங்கண்ணே. பாப்பா பயந்திருக்கும்." நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

உள்ளே இருந்த தமிழ்ப் போலீஸ் சார்ஜன், "நேத்து தள்ளினான்னீங்க, இன்னிக்கு தள்ளலங்கிறீங்க. எதுங்க பொய்?" என்றார்.

"நேத்து சொன்னது சார்."

"புள்ளைய தனியா விட்டதுக்கு உங்க மேலயே கேஸ் வரலாம், தெரியுமா?"

தெரியும் என்று சொல்லி, புதிதாக எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். என்னைக் கண்டித்து அனுப்பினார்கள். அவனுக்குக் கார் திருடியதற்கான தண்டனை மட்டும் கிடைத்தது.

ஆனால் கோயிலில் நான் வாயைத் திறக்கவில்லை. தகப்பனைத் தள்ளிவிட்டுக் குழந்தையைக் கடத்திய கும்பல் என்று அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓடியது. இன்றும் யாராவது, ஜாக்கிரதை என்று எழுதி எனக்கே அதை அனுப்புகிறார்கள். நானும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாரிடம் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். அவன் கார் திருடியதை மறைக்க வேண்டாம். பிடிபடுவோம் என்று தெரிந்தே திரும்பி வந்ததையும் விட்டுவிட வேண்டாம். மாதாவிடம் நான் கேட்டதை அந்தப் பையன்தான் தூக்கிக்கொண்டு வந்தான், அவனைத்தான் நான் அறைந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.