சூசையம்மாளின் அய்யாவைத் தேடிக் காரங்காட்டுக்கு

1961 மே மாதம். சென்னையில் எம்.எல். படித்துக்கொண்டிருந்தேன். சர்வதேச மனித உரிமைச் சட்டம்தான் பாடம். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்களைப் பற்றி ஆய்வேடு. நூலகத்தில் உட்கார்ந்தே நூறு பக்கம் எழுதிவிட்டேன். அப்படி ஒருவரைக்கூடப் பார்த்ததில்லையே என்று உறுத்தியது. எழும்பூரில் ரயிலேறி, மறுநாள் மதியம் இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கும் பாம்பனில் வகுப்புத் தோழன் வீட்டில் இறங்கினேன்.

பக்கத்து வீட்டில் சூசையம்மாள், மீன் காயவைக்கும் வேலை. இலங்கையின் தலைமன்னாரில் பிறந்து, அய்யா, அதாவது அப்பா, இறந்த பின் இங்கே வந்தவர். இலங்கையில் அவரை இந்தியர் என்றார்கள். இங்கே ஒரு மாதத்தில் இலங்கைக்குத் திரும்பச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. அங்கே அவருக்கு யாருமில்லை.

எல்லோருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்று உலக மனித உரிமைப் பிரகடனம் சொல்வதைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதிருக்காக தம்பி. அத ஆபீஸ்ல சொன்னா விட்ருவாகளா?"

அய்யா இந்தியாவில் பிறந்ததற்குச் சான்று இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"அக்கா, அய்யாவுக்கு எந்த ஊர்?"

"காரங்காடு. அங்கன கோயில்லதான் ஞானஸ்நானம்னு சொல்லுவாரு."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். இராமநாதபுரம் வரை ரயில். அங்கிருந்து தொண்டி பஸ்ஸில் இருபத்தைந்து மைல், முக்கால் ரூபாய். இறங்கி வெயிலில் ஒரு மணி நேர நடை. (செருப்பில்லாமல் அவர் முன்னால் போனார், நான்தான் நின்று நின்று போனேன்.)

கோயிலில் பங்குச்சாமியார் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்துப்போட்டார். அய்யாவின் பெயரான சவரிமுத்து எங்குமே இல்லை. மூன்று மணிக்குச் சூசையம்மாள் எழுந்துவிட்டார். "போதும் தம்பி, வாங்க."

"ஞானஸ்நானத்துல பிள்ளைய ஏந்தின ஞானத்தகப்பன் பேராவது தெரியுமாம்மா?" என்றார் சாமியார்.

"மிக்கேல் சம்மாட்டி. அவரு வள்ளத்துலதான் அய்யா தொழிலுக்குப் போனாராம்."

அந்தப் பெயரை வைத்துத் தேடியதும் அகப்பட்டது. அய்யாவின் பெயர் 'சேவியர்' என்று பதிவாகியிருந்தது. சேவியரைத்தான் தமிழில் சவரிமுத்து என்பார்கள் என்று சாமியார் சான்று எழுதி முத்திரை வைத்தார். சூசையம்மாள் அந்த வரியில் விரலை வைத்து, வெகுநேரம் எடுக்கவேயில்லை.

இதுபோன்ற ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு: தாய் தகப்பன் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். பூசை முடிந்த கையோடு போனால் சாமியாரைப் பார்க்கலாம். தண்ணீர் கொண்டுபோங்கள். எழுதி வைத்த நூறு பக்கத்தையும் மாற்றி எழுதத் தயாராக இருங்கள். நான் எழுபதை மாற்றினேன். அந்த ஆய்வேடுதான் எனக்குப் பட்டமும் பிழைப்பும் தந்தது. அதற்காக நான் முதலில் நன்றி சொல்வது சூசையம்மாளுக்கு.

அந்தச் சான்றை வைத்து விண்ணப்பித்ததில் நோட்டீஸ் ரத்தானது. குடியுரிமையும் கிடைத்தது. அடுத்து வந்த தேர்தல் முடிந்ததும், சூசையம்மாள் யாரிடமோ சொல்லி எழுதவைத்த கார்டு ஒன்று வந்தது: "தம்பி, நானும் ஓட்டுப் போட்டேன். யாருக்குன்னு சொல்ல மாட்டேன்."