மூன்று டாக்டர்களும் தம்பி மனைவியும்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நெல்லிவாசல்நாட்டிலிருந்து மலையிறங்கியவன் நான். ஒரு இடத்தில் நிலைத்து இருக்கத் தெரியாது. குடகில் காப்பி பறித்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், செங்கல் சூளையில் கிடந்தேன். கடைசியாக வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே தோலை ஊறவைத்துச் சுழற்றுகிற பெரிய மர ட்ரம் உண்டு. அது நின்றுவிட்டது என்று நினைத்து இடது காலை உள்ளே வைத்துத் தோலை இழுத்துக்கொண்டிருந்தேன். மறுபடி சுற்றியது. இடது தொடையும் இடுப்பும் நசுங்கின.

ஆஸ்பத்திரியில் எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. காப்பீட்டு ஆபீஸ் அனுப்பிய டாக்டர்கள் என்னைப் படுக்கவைத்துப் பார்த்து, காயம் ஆறிவிட்டது, பழைய வேலைக்கே போகலாம் என்று எழுதிவிட்டார்கள். நிரந்தர ஊனத்துக்கான மாதப் பணம் கிடையாது என்று ஆனது. வேலைக்குப் போனால் ஒரு தோலைக்கூடத் தூக்க முடியவில்லை. கம்பெனியும் நிறுத்திவிட்டது.

தொழிற்சங்கத்து பாய்தான் அப்பீல் போட்டுக் கொடுத்தார். முதலில் பார்த்த டாக்டர்கள் இல்லாமல் வேறு டாக்டர்களை அரசாங்கம் நியமிக்கும், அவர்கள் சொல்வதே முடிவு என்றார். நான் மலைக்குத் திரும்பித் தம்பி வீட்டில் உட்கார்ந்தேன். அவ்வப்போது கோலை ஊன்றிக்கொண்டு ஆலங்காயம் வந்து, பஸ் பிடித்து, பாயிடம் போய் நிற்பேன்.

"இன்னா நைனா, திரும்ப வந்துட்டியா? ஒரு டாக்டரப் போட்டாங்க, அவருக்கு மாத்தல் வந்துட்ச்சி. இன்னொருத்தரப் போட்டாங்க, அவரு ரிட்டையர் ஆயிட்டாரு. கோழிய அடைக்கு வெச்சிருந்தா இந்நேரம் அந்தக் குஞ்சே முட்டை வுட்டிருக்கும். போய்ட்டு அப்பறமா வா."

அவர் சிரிக்கவைக்கத்தான் சொல்வார். மலையேறும்போது எனக்குச் சிரிப்பு வராது. தம்பி வீட்டில் சாமைக்கு நானும் ஒரு வாய். நிலம் போதவில்லை என்று தம்பி குடகுக்குக் கூலிக்குப் போய்விட்டான். அவன் போனது என்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை. தட்டை எடுக்கும்போதெல்லாம் நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் மிச்சம் இருந்தது தம்பி மனைவி. எங்கள் பக்கம் கணவனுடைய அண்ணன் முன்னால் பெண் நிற்கமாட்டாள், நேராகப் பேசமாட்டாள். அவள் கஞ்சியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "ஆறிப்பூடும்" என்பாள். நான் கோழியைப் பார்த்து, "சரி" என்பேன். அப்படியே ஓடியது.

ஒருவழியாக மூன்று டாக்டர்களை நியமித்துவிட்டார்கள், வேலூருக்கு வரவேண்டும் என்று பாய் ஒரு ஆளிடம் சொல்லியனுப்பினார். தம்பி ஊரில் இல்லை. வேலூர்வரை பஸ் மாறி மாறித் தனியாக ஏறி இறங்க என்னால் ஆகாது. "நான் வர்றேன்னு சொல்லு" என்று அவள் கதவிடம் சொன்னாள். ஜீப்பில் பின்பக்கம் அவள், முன்பக்கம் நான். பஸ்ஸிலும் அப்படித்தான். என்னை ஏற்றிவிட யாராவது ஆணைக் கூப்பிட்டு, "இவர கொஞ்சம் தூக்கி வுடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நிற்பாள்.

வேலூரில் டாக்டர்கள் இருந்த அறைக்குள் என் பெயரைக் கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றினேன். கோலையும் சுவரில் சாத்திவைத்தேன். எங்கள் மலையில் நியாயம் கேட்கப் போகிறவன் கையில் கோல் இருக்கக்கூடாது. கோல் நியாயம் சொல்கிற ஊர்க்கவுண்டருக்கு உரியது. மற்றவன் கோலோடு போனால் சண்டைக்கு வந்தவன் என்று அர்த்தம். மூன்று பெரிய மனிதர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள், எனக்கு நியாயம் சொல்லப்போகிறார்கள். வேறு எப்படிப் போவது என்று எனக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மேஜைவரை நேராக நடந்துபோய்க் கும்பிட்டேன்.

"நல்லாத்தான் நடக்கிறே" என்றார் நடுவில் இருந்தவர். "வலி இருக்கா?"

"பரவால்லீங்க."

"வேலை செய்ய முடியுதா?"

"ஏதோ செய்றதுதாங்க."

வேறு எப்படிச் சொல்வது? அவர்கள் முன்னால் முனகினால் மரியாதையாக இருக்குமா? நடுவில் இருந்தவர் எழுத ஆரம்பித்தார். போகலாம் என்று கை காட்டினார்கள். இவ்வளவு நாள் நான் காத்திருந்த டாக்டர்கள், கஞ்சி குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

வாசலில் கோலைத் தேடினேன். அது தம்பி மனைவி கையில் இருந்தது. அதற்குள்ளாகவா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். அவள் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல்முறை. பிறகு கோலோடு விறுவிறுவென்று உள்ளே போனாள். பியூன் தடுப்பதற்குள் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"சாமி, இது அவருதுங்க. இது இல்லாம வாசப்படி தாண்டமாட்டாரு. உங்க மேல இருக்கற மரியாதையில வெளிய வெச்சிட்டு வந்துட்டாரு."

"நீ யாரும்மா?"

"அவரு தம்பி பொண்டாட்டி. அவரு சொல்லமாட்டாருங்க, நான் சொல்றேன். அவரால குந்த முடியாது. வெளிக்குப் போனா வுழுந்துடுவாரு. பொதருக்குப் பின்னால நான்தான் ரெண்டு கொம்பு நட்டு வெச்சிருக்கறேன். அதப் புடிச்சிகினுதான் குந்தறாரு. எந்திரிக்க முடியாம, துணியெல்லாம் பண்ணிக்கினு வந்து, யாருக்கும் தெரியாம அவரே அலசிப் போடுவாரு. நான் தெரியாத மாதிரி இருந்துக்குவேன்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்தக் கொம்புகளைத் தம்பிதான் குடகு போகுமுன் நட்டுவிட்டுப் போனான் என்று நினைத்திருந்தேன். விடியுமுன் எழுந்து போனதும், ஈரத்துணியைப் பாறைக்குப் பின்னால் காயப்போட்டதும் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்று நம்பியிருந்தேன். ட்ரம்மில் இடுப்பு நசுங்கியபோதுகூட நான் செத்தால் தேவலை என்று நினைத்ததில்லை. அங்கே நினைத்தேன்.

இளைய டாக்டர் எழுந்துவந்தார். "குந்து பாக்கலாம்."

குந்தினேன். பாதியில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன். அவரே அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்.

"ஏன்யா, இத முதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார். "டாக்டர்கிட்ட என்ன மானம்?"

நடுவில் இருந்தவர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அவள் கோலை என் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பி வரும்போதும் அவள் பின்பக்கம், நான் முன்பக்கம்.

அப்பீல் ஜெயித்தது. மாதப் பணம் வரத் தொடங்கியது. தம்பி குடகிலிருந்து திரும்பிவந்தான். "எப்பிடிண்ணா ஒத்துக்கினாங்க?" என்று கேட்டான். "டாக்டருங்க நல்லவங்க" என்றேன். உள்ளே அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று, திரும்பத் தொடங்கியது.

அடுத்த மாதமே மேல் நிலத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். காசு வந்ததும் பிரிந்துவிட்டான் என்று ஊர் பேசியது. தம்பி வந்து, "இன்னா கொற வெச்சோம்ணா?" என்று கேட்டான். ஒரு குறையும் இல்லை என்றேன். அதை அவன் நம்பவில்லை. என் ஈரத்துணிவரை தெரிந்துவைத்திருந்தவள் கையால் ஒரு வாய்கூட எனக்கு இனி இறங்காது, அதற்கு அவள் செய்த தப்பு எதுவும் இல்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. சுவரைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

தம்பி போன பிறகு அடுப்பு மூட்டினேன். நின்றுகொண்டு கிண்ட முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. சாமை அடிப்பிடித்துவிட்டது. அதையே சுரண்டித் தின்றேன்.