ஒன்றும் போடாத குழாய்

என் சாமிப்படத் தட்டில், மூடி போட்ட சிறு பிளாஸ்டிக் குழாய் ஒன்று நிற்கிறது. சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். உள்ளே ஒரு துளி தண்ணீர். அதைத் தந்தவர் எங்கள் பரிசோதனைக்கூடத்துப் பெரிய மிஸ்.

இரத்த உறவா இல்லையா என்று சோதித்துச் சொல்லும் இடம் அது. நான் அங்கே மேசை துடைத்து, போத்தல் கழுவினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் நான் துடைத்த மேசையில் ஒரு தூசி காட்டட்டும் பார்ப்போம். மிஸ் வேலை செய்தபடியே எனக்கும் விளக்குவார். உடம்பின் கலத்துக்குள் முறுக்கிய இரட்டை இழை உண்டாம். கலம் இரண்டாகப் பிரியுமுன், உடம்புச் சூட்டிலேயே அந்த இழையை மெல்லப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் துணை இழை கட்டி, முழுவதையும் ஒருதரம் படியெடுக்குமாம். எங்கள் கூடத்து மெசினோ கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிப் பிரித்து, ஆறவிட்டு, வேண்டிய சிறு துண்டுகளை மட்டும் திரும்பத் திரும்ப இரட்டிப்பாக்கும்.

“உடம்பு பிழைவிட்டா அனேகமாத் தானே திருத்திப்போடும், ஆச்சி. இந்த மெசினுக்கு அந்தப் புத்தி இல்லை. ஆரின்ரை எச்சில் விழுந்தாலும் அதையும் பெருக்கிப்போடும்” என்பார். அதற்காகத்தான் யாருடைய மாதிரியும் போடாமல், தண்ணீர் மட்டும் விட்ட ஒரு குழாயையும் ஒவ்வொரு தடவையும் மெசினுக்குள் வைப்பார்கள். முடிவில் மற்றக் குழாய்களுக்குக் கோடுகள் தெரியும்; இதில் ஒன்றும் தெரியக்கூடாது.

ஒரு நாள் தெரிந்தது. யாரோ ஒரு மனிதரின் கோடுகள். அன்றைய வேலை முழுவதும் வீண்.

“தண்ணிக்குள்ளை ஆச்சி முளைச்சிட்டா!” என்று புதிதாக வந்த உத்தியோகத்தன் சிரித்தான். “கூட்டித் துடைக்கிறவையை உள்ளுக்கு விட்டா உப்பிடித்தான். நாளையிலயிருந்து மறிச்சுப்போடுங்கோ, மிஸ்.”

மிஸ் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. கையிலிருந்த துணியை வாளிக்குள் எறிந்தேன்.

“என்ரை வாயிலை எடுத்துப் பாருங்கோ. என்ரை எண்டா நானே போறன். ஆனா எல்லாற்றை வாயிலையும் எடுக்கோணும். மிஸ், உங்கடையும்.”

அவன் சிரிப்பு நின்றது. “ஓம், எடுப்பம்” என்றார் மிஸ். பஞ்சுக் குச்சியால் முதலில் தன் கன்னத்தின் உட்புறத்தைத்தான் தேய்த்தார்.

முடிவு வரும்வரை ஒரு நாளும் நான் வேலைக்கு வராமல் நிற்கவில்லை. கொக்குவிலில் அதே காலை பஸ் ஏறினேன். அதே மேசைகளைத் துடைத்தேன்.

மூன்றாம் நாள் மிஸ் எல்லோரையும் கூப்பிட்டார்.

“அந்தக் கோடுகள் என்ரை. முகக்கவசத்தை இறக்கிவிட்டு, திறந்த குழாய்க்கு மேலை ஆச்சிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிண்டனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஆச்சி.”

பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. “அண்டைக்கு ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?” என்றுதான் கேட்டேன்.

மறுநாள் காலை மிஸ் கையுறையையும் தண்ணீர்ப் போத்தலையும் என் முன்னால் வைத்தார். “இனி இந்தக் குழாய்க்கு நீங்கள்தான் தண்ணி விடோணும்.” நான் வேலையை விடும்வரை விட்டேன். ஒரு கோடும் வந்ததில்லை. கடைசி நாள் நான் நிரப்பிய குழாயைத்தான் அவர் என் கையில் வைத்துப் பொத்தினார்.

மிஸ் காலமாகிவிட்டார். அங்கே இப்போது புது மெசின்களாம். வீட்டுக்கு வருகிறவர்கள் தட்டைப் பார்த்து, “உதென்ன ஆச்சி, தீர்த்தமோ?” என்பார்கள்.

“ஒண்டுமில்லை” என்பேன். “ஒண்டுமே இல்லை. வேணுமெண்டாச் சோதிச்சுப் பாருங்கோ.”