மாடத்தி பிள்ளை பெறுவதற்கு முன்னால்

தோட்டத்து மருத்துவச்சிக்கு வேலை பிள்ளையை வாங்கித் தாயின் கையில் கொடுப்பது என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள்; அது கடைசி ஒரு நாள் வேலை, அதற்கு முந்தின மாதமெல்லாம் மாமியார்களோடு வாதாடுவதே வேலை. ஒரு கையில் மருந்துப்பெட்டியும், அட்டைக்கடிக்கு மடியில் உப்பு முடிச்சுமாக மலை ஏறி இறங்கிய சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற அந்த நீண்ட வரிசை வீடுகளில், அதாவது லயங்களில், எந்த வாசலில் குனிய வேண்டும், எந்த வாசலில் கெஞ்ச வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கும் அத்துப்படி.

நான் திருநெல்வேலிச் சீமையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு, தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். கல்யாணம் ஆகாதவள். தோட்டத்தில் எத்தனையோ பேருக்குப் பிரசவம் பார்த்திருந்தாலும், என்னை அதிகம் அலைய வைத்த மாடத்தியைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

எருமை கன்று போட்ட வருஷம்

காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள் என்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்கள். கூட்டிவந்தவள் வேலம்மா, கொழுந்து கிள்ளுகிறவள், நல்ல உயரமும் கனத்த குரலும் உடையவள். விழுந்தவள் அவளுடைய மருமகள் மாடத்தி. அண்ணன் மகளையே மகன் சுடலைக்குக் கட்டிவைத்து, ஊரிலிருந்து மலைக்குக் கொண்டுவந்திருந்தாள். மாடத்தி பெஞ்சில் உட்கார்ந்த மறு நிமிஷமே மடியிலிருந்து கூழாங்கற்களை எடுத்துத் தட்டாங்கல் ஆட ஆரம்பித்தாள். நான் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். நான்கு மாதம் இருக்கும்.

"வயசு என்ன?" என்று மாடத்தியிடம் கேட்டேன். அவள் அத்தையைப் பார்த்தாள். வளர்ந்து முடியாத உடம்பு, அதற்குள்ளே இன்னொரு உடம்பு வளர வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ரத்தம் இல்லை. "பதினஞ்சாவது முடிஞ்சுதா வேலம்மாக்கா?" என்று மறுபடியும் கேட்டேன். வேலம்மா விரலை மடக்கி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எங்க அண்ணன் வீட்டு எரும ரெண்டாம் கன்னு போட்ட வருஷம் பெறந்தவ. எரும இப்ப இல்ல, இருந்தா அதுகிட்டக் கேட்டுச் சொல்லலாம்."

கறுப்பு மருந்து

ரத்தம் ஊற வேண்டும் என்று இரும்பு கலந்த மிக்சர் ஒரு புட்டி கொடுத்தேன். அதைக் குடித்தால் வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன். சொன்னது தப்பாகப் போயிற்று. ஒரு வாரம் கழித்து லயத்துக்குப் போனால் புட்டி நிரம்பியபடியே இருந்தது. உள்ளே கறுப்பு போனால் பிள்ளையும் கறுப்பாகப் பிறக்கும் என்று அடுத்த வீட்டுக்காரி சொல்லிவிட்டாளாம். வேலம்மாவுக்கும் அதில் பாதி நம்பிக்கை.

நான் ரத்தம், இரும்பு என்று என்னென்னவோ விளக்கினேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். யாரும் புட்டியைத் தொடவில்லை. மாடத்தி மட்டும் அடுப்படியில் உட்கார்ந்து, ஒரு தடவை அத்தையையும், ஒரு தடவை வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த மாமனாரையும் பார்த்தாள். மாமனார் அடுப்புக்கரியில் கடைந்தெடுத்த மாதிரி இருப்பார். பிறகு எழுந்து வந்து, புட்டியைத் திறந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ மாமாவோட அம்மைக்கு எந்த ஆஸ்பத்திரியில மருந்து குடுத்தாங்க?"

சாப்பாட்டு நேரத்து விருந்தாளி

மருந்து மட்டும் போதுமா? அந்த வீட்டில் மாமனார் முதலில் சாப்பிடுவார், பிறகு சுடலையும் அவன் தங்கை பொன்னியும், பிறகு வேலம்மா. கடைசியில் சட்டியில் மிஞ்சுகிற கஞ்சித் தண்ணீர் மாடத்திக்கு. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலம்மாவும் அப்படித்தான் வயிற்றுப்பிள்ளையோடு இருந்தவள். அதோடு அவளுக்கு ஒரு பயம் இருந்தது. "நெறையத் தின்னா உள்ள பிள்ளை பெருத்துரும் நர்ஸம்மா. இந்தப் பொடிசு எப்படிப் பெறும்?" என்றாள். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. சின்ன இடுப்பில் பெரிய பிள்ளை மாட்டிக்கொண்டு செத்தவர்களை அவளும் பார்த்திருக்கிறாள், நானும் பார்த்திருக்கிறேன். "பிள்ளை தனக்கு வேண்டியதைத் தாய்கிட்டருந்து பிடுங்கிக்கிடும், அக்கா. பட்டினி கிடந்தா மெலியுறது மாடத்திதான். பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போனாக்கூட அவ தாங்க மாட்டா" என்றேன். "நீங்க எத்தனை பெத்தீங்க?" என்று கேட்டாள். உங்களிடமும் இதைக் கேட்டிருப்பார்கள்.

வாதம் எடுபடாததால் வேறு வழி பார்த்தேன். சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் உட்காருவேன். வந்தவளுக்குச் சோறு போடாமல் அனுப்புகிற வழக்கம் அந்த லயத்தில் கிடையாது. "துணைக்கு மாடத்தியும் உட்காந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்பேன். எனக்கு வைக்கிற கீரையும் பருப்பும் முட்டையும் அவள் தட்டிலும் விழும், கூச்சத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். என் பங்கு முட்டையையும் அவள் தட்டுக்குத் தள்ளிவிடுவேன். வாரக்கணக்கில் இப்படி நடந்தது. கடைசியில் வேலம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அவளுக்கு நானே முதல்ல போட்டுருதேன் நர்ஸம்மா. நீங்க சோத்துக்கு அலையுதீங்கன்னு லயம் பூராவும் பேசுது, எனக்குக் கேக்கவே சங்கடமா இருக்கு."

உட்கார்ந்து கிள்ளுகிறவள்

ஆறாம் மாதத்திலும் மாடத்தி தலையில் பட்டையை மாட்டி, முதுகில் கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். மழைக்குக் கம்பளி வேறு, நனைந்தால் அதுவே ஒரு ஆள் கனம். ஒரு நாள் வழுக்கி, செடியைப் பிடித்துத் தப்பினாள். நான் கங்காணியாரிடம் போய், அவளை நாற்று மேடையில் உட்கார்ந்து களை பிடுங்குகிற வேலைக்கு மாற்றச் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாப் பொம்பளையும் பெத்துக்கிட்டுத்தான் இருக்கா. ஒருத்திக்கு மாத்துனா மலை முழுக்க நாத்து மேடையிலதான் நிக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

இதை நான் வேலம்மாவிடம் சொன்னேன். மறுநாள் சரிவுக்குப் போய்ப் பார்த்தேன். மாடத்தி வரிசையின் ஓரத்தில், தட்டையான ஒரு பாறைமேல், கூடையைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கைக்கு எட்டின செடியில் மட்டும் கிள்ளினாள். வேலம்மா தன் வரிசையை முடித்துத் திரும்பும்போதெல்லாம் இரண்டு கை கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிட்டுப் போனாள். பின்னால் வந்தவளும் போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் போட்டாள். கங்காணியார் குடையை ஊன்றிக்கொண்டு மேட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவர் இறங்கி வந்து, நிறைந்த கூடையைப் பார்த்து, என்னையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பிள்ளை நின்னு கிள்ளுறதவிட ஒக்காந்து நல்லாக் கிள்ளுது. அப்படியே இருக்கட்டும்."

ஆஸ்பத்திரித் துணி

பிள்ளைக்கு வேண்டியதை முன்னாலேயே தயார் செய்து வைக்க வேண்டும் என்பது எங்கள் படிப்பு. பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுத்து வைத்தால் பிள்ளை தங்காது என்பது லயத்துச் சட்டம். நான் பழைய சேலைத் துணி கேட்டபோது வேலம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை என்று மாடத்திதான் பிறகு என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "எங்க ஆஸ்பத்திரிக்குத் துணி வேணும் அக்கா. நல்லா அவிச்சு, வெயில்ல காயவச்சு, சுத்தமா மூட்டை கட்டித் தர ஆள் இல்ல" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனேன். வாசலில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. தொப்புள்கொடி கட்டுகிற நூல்கூட ஒரு துணியில் முடிந்து பானைக்குள் கிடந்தது. மாடத்தி பக்கத்தில் உட்கார்ந்து, கிழிந்த வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். மரப்பாச்சிக்குத் தைத்துப் பழகின கை, அதற்குமேல் அளவு தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, பிள்ளைக்கா?" என்று கேட்டாள். வேலம்மா அகப்பையை ஓங்கிக்கொண்டு சொன்னாள்: "ஆஸ்பத்திரித் துணிய அவிக்கேன். எங்க வீட்டுல ஒரு விசேஷமும் கிடையாது, போட்டீ!"

பகலில் மின்மினி

மாதம் தவறாமல் சிறுநீரைச் சோதித்தேன். கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சாராய விளக்கில் காய்ச்சினால் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினால் வலிப்பு வருகிற ஆபத்து. ஒவ்வொரு தடவையும் சுடலை அதை ஒரு செம்பில், அதன் வாய்க்குத் துணி கட்டி, மானம் போகிற மாதிரி குனிந்துகொண்டு கொண்டுவருவான். எட்டு மாதம் முடிந்து சில நாள் இருக்கும். மாடத்தி தானே நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முகம் உப்பியிருந்தது, கால் கொலுசு சதைக்குள் அமுங்கியிருந்தது. "தலை வலிக்கு சிஸ்டர். ஆனா ஒண்ணு, பகல்லயே கண்ணுக்குள்ள மின்மினி பறக்கு, பாக்க நல்லா இருக்கு" என்றாள். காய்ச்சினேன். குழாயில் பாதி, மோர் மாதிரி திரிந்தது. கம்பவுண்டர் நாணு பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார்.

வலிப்பு வருவதற்குள் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று லயத்துக்கு ஓடினேன். வேலம்மா வாசலை மறித்து நின்றாள். "கீழ கொண்டுபோன எவ திரும்பி வந்தா? இவ செத்தா எங்க அண்ணன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று அழுதாள். "அவங்களை எல்லாம் உசுரு போற நேரத்துல கொண்டுபோனாங்க அக்கா. இவ இப்ப நல்லாப் பேசிக்கிட்டிருக்கா, இப்பவே போகணும்" என்றேன். மாரியாத்தா சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் மாமனார். சுடலை பேக்டரியிலிருந்து தேயிலைத் தூளோடு அப்படியே வந்து நின்றான். அம்மாவுக்கு எதிரே அவன் பேசி நான் கேட்டதில்லை. மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூளியாக்கிக்கொண்டே சொன்னான்: "பூ அங்கேயேதான் இருக்கும், வந்து பாத்துக்கிடலாம். நான் முன்னால தூக்குதேன், நீ அழுதுகிட்டே கூட வாம்மா."

இம்புட்டுதானா?

வண்டிப்பாதை வரை தூளி, அங்கிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிப்போகிற லாரி. வளைவுக்கு வளைவு மாடத்தி வாந்தி எடுத்தாள், நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வேலம்மா வழி முழுக்க அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மருந்து கொடுத்து இருட்டறையில் படுக்கவைத்தார். ஒரே ஒரு தடவை வலிப்பு வந்தது, நின்றது. பிறகு பிரசவ வலி கண்டது. கடைசியில் ஆயுதம் வைத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. அழ மறுத்தது. முதுகைத் தடவி, பாதத்தைத் தட்டி, வாயைத் துடைத்த பிறகு, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. வேலம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாடத்திக்கு நினைவு தெளிய நேரம் ஆயிற்று. தெளிந்ததும் பிள்ளையைத் துணியில் சுற்றி அவள் பக்கத்தில் வைத்தேன். துணியை விலக்கி, கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுருங்கிப்போன குரலில் கேட்டாள்: "இம்புட்டுதானா சிஸ்டர்? இதுக்கா இத்தனை பேரு ஓடுனீங்க?"

பெண் கேட்டு வந்தவர்கள்

மாடத்தி தேறி எழுந்திருக்க வெகு நாள் பிடித்தது. பால் போதவில்லை, கேழ்வரகுக் கூழும் கீரையுமாக மாடத்திக்கு வேலம்மாவே ஊட்டிவிட்டாள். அடுத்த பிள்ளைக்கு அவசரம் வேண்டாம் என்று சுடலையிடம் நான் தனியாகப் பேசினேன், அவன் காது சிவக்கத் தலையாட்டினான். குழந்தை பிழைத்துக்கொண்டது. இடையில் எனக்கு வேறு லயம், வேறு மாமியார் என்று நாள் ஓடியது.

ஒரு நாள் தடுப்பூசி போட அந்த வீட்டுக்குப் போனபோது, உள்ளே வெற்றிலைத் தட்டோடு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலம்மாவின் கடைசி மகள் பொன்னியைக் கேட்டு வந்திருந்தார்கள். பொன்னி வயசுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. மாப்பிள்ளைக்குப் பேக்டரியில் வேலை, நல்ல குடும்பம், பொன்னியின் அப்பாவுக்குப் பூரண சம்மதம். நான் வாசலிலேயே நின்றேன், என்னை யாரும் யோசனை கேட்கவில்லை. மாடத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தாள். வேலம்மா தட்டை எடுத்து, வந்தவர்கள் பக்கமாக மரியாதையாகத் திருப்பி வைத்துச் சொன்னாள்: "மாப்பிள்ளை தங்கமான பையன்தான், அண்ணாச்சி. எம் மகளுக்கு எலும்பு இன்னும் முத்தல. முத்தட்டும், பெறகு வாங்க."

இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலைப் பற்றி நான் கண்டது, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அது மாரியாத்தா செயல், தாய்க்குத் தலைவலி வந்தால் அது நர்ஸம்மா செயல் என்பதுதான்.