சாவி அவன் பையில் இருந்தது

கன்னத்தில் விழுந்த அறையில் என் தோடு தெறித்து டாஷ்போர்டில் பட்டது. எழுமலையில் ஒரு காதுகுத்து விருந்துக்குப் போய்விட்டுக் கணவனோடு காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். பந்தியில் அத்தை மகனோடு சிரித்துப் பேசினேனாம். அதற்குத்தான் இந்த மரியாதை.

வண்டியை ஓரங்கட்டியவன், ஏசிக்காக இன்ஜினை அணைக்காமல் இறங்கி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து முடியைப் பிடித்து இழுத்தான். அவன் கையைக் கடித்தேன். வாயில் ரத்தம் கரிக்கும்வரை விடவில்லை. அவன் அலறிப் பின்வாங்கியதும் கதவை இழுத்துச் சாத்தி, எல்லாக் கதவுகளையும் பூட்டிக்கொண்டு டிரைவர் சீட்டுக்குத் தாவினேன்.

அவன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தான்.

“சாவி எங்கிட்ட இருக்குடி. பத்தடி போறதுக்குள்ள ஸ்டீயரிங் பூட்டிக்கிரும். அப்புறம் இருக்கு ஒனக்கு.”

நான் ஒத்தக்கடையில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறேன். அந்த வேலையை விடச் சொல்லியும் அடித்திருக்கிறான். இது பட்டனை அழுத்திக் கிளப்பும் வண்டி; கிளப்பும்போது சாவி யார் பையிலாவது உள்ளே இருந்தால் போதும். ஸ்டீயரிங் தண்டை ஒட்டி ஒரு சிறு மோட்டார் உண்டு. வண்டியை அணைத்துக் கதவைத் திறந்தால், அது ஓர் இரும்பு முளையைத் தள்ளித் தண்டைப் பூட்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த மோட்டாருக்கு மின்சாரமே போகாது. ஓடுகிற வண்டி பூட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவர் கதி என்னாவது? ஆனால் ஒருமுறை அணைந்துவிட்டால் சாவி இல்லாமல் எடுக்க முடியாது.

சாவியின் பட்டனை அழுத்திப் பார்த்தான்; இன்ஜின் ஓடும்போது அதில் கதவு திறக்காது. கல்லெடுத்துக் கண்ணாடியை உடைத்தான். சில்லு என் புருவத்தைக் கிழித்தது. வண்டியைக் கிளப்பினேன். அவன் கால்மேல் டயர் ஏறியிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். அவ்வளவு வெறி.

சாவி இல்லை என்று வண்டி கத்திக்கொண்டே வந்தது. நீயும் என்னை மிரட்டுகிறாயா என்று அதையும் திட்டினேன். உசிலம்பட்டிக்கு முன்னால் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்ததும் இன்ஜின் குலுங்கியது. செத்தேன் என்றே நினைத்தேன். கிளட்சை அழுத்தி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பிழைத்துக்கொண்டது. ஆடுகள் நிதானமாக நடந்து போயின.

ஒத்தக்கடையில் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினேன். முன்பும் இங்கே ஓடிவந்து, அவன் போனில் அழுததும் பொழுது சாய்வதற்குள் திரும்பிப் போயிருக்கிறேன். இப்போதும் போன் அடித்தது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பட்டனை அழுத்தி அணைத்தேன். கதவைத் திறந்ததும் ஸ்டீயரிங்குக்கு அடியில் ‘டக்’ என்று கேட்டது.

மீன் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா அரிவாள்மனையோடு ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்து அழுதாள்.

“அவன் கூப்டா மறுபடி கெளம்பிருவியாடி?”

“முடியாதுக்கா. பூட்டிட்டேன்.”

மறுநாள் அவன் சாவியோடு வந்தான். வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.