தம்பியின் ஏழு துப்பாக்கிகளும் என் சந்தேகமும்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதம் எழுதினால்கூட நலம் விசாரித்ததும் கை நின்றுவிடும். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. தம்பியின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று தம்பி மனைவி சரோஜா கேட்டபோது முடியாது என்றுதான் சொன்னேன். ஆனால் ஒரு விஷயத்தை நான் சொன்னால்தான் நியாயம். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் தம்பியை "டா" போட்டுத்தான் பேசினேன். அச்சில் அவர் என்றே எழுதுகிறேன்.

தம்பி சாத்தூரில் பிறந்தார். எனக்கு ஒன்பது வயது இளையவர். அவர் தவழும் பருவத்திலேயே அம்மா காலமானார். அப்பா தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலை பார்த்தார். நானும் அங்கேயே குச்சி அடுக்கப் போனேன். தம்பியை மட்டும் அப்பா அந்தக் கேட்டுக்குள் விட்டதில்லை. மருந்து என்றால் எங்கள் வீட்டில் அவ்வளவு பயம். தம்பி வீட்டிலிருந்த பம்ப் ஸ்டவ்வைப் பிரித்துப் பிரித்து மாட்டியே வளர்ந்தார். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்து, அமெரிக்கா வந்து, டெக்சாசில் ரிச்சர்ட்சன் ஊரில் ஒரு டெலிபோன் கம்பெனியில் நல்ல நிலைக்கு வந்தார். என் வீட்டுக்காரர் காலமாகி, பிள்ளையும் இல்லாமல் நான் தனியாக நின்றபோது "இங்க வந்துரு அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டார். வருஷம் எண்பத்திரண்டா எண்பத்துமூன்றா, நினைவில்லை.

வந்த மாதமே எனக்குச் சந்தேகம் தட்டியது. சனிக்கிழமை டிபன் முடிந்ததும் தம்பி கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அழுகிய வாழைப்பழம் போல ஒரு வாசனை வரும். அலமாரியில் பழைய வேட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஓட்டிஸ், ஏதோ தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், போர்வையில் நீளமாக எதையோ சுற்றிக்கொண்டு வந்து உள்ளே போவார். இரண்டு பேரும் குடிக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

"சரோஜா, உன் வீட்டுக்காரன் கராஜுல குடிக்கிறானா?"

"ஐயோ மதினி! அது கன் கிளீன் பண்ற ஆயில். குடிச்சிருந்தாக்கூட ரெண்டு திட்டு திட்டி நிறுத்தியிருப்பேன். இதை எங்க நிறுத்துறது?"

போய்ப் பார்த்தேன். சுவரில் ஏழு துப்பாக்கிகள் வரிசையாக நின்றன. முட்டைகூடத் தொடாதவருக்கு இது எதற்கு?

"யாரைடா சுடப் போற?"

"காலி சூப் டின்னை. அதுவும் வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஓட்டிஸ் அண்ணன் பண்ணையில. பயப்படாத அக்கா, தோட்டா தனியா வேற பெட்டியில பூட்டியிருக்கு."

எல்லாம் அந்தக் காலத்துச் சின்னத் துப்பாக்கிகள். சுண்டுவிரல் நுனி அளவுதான் தோட்டா. அதன் அடி விளிம்புக்குள் மருந்து இருக்குமாம். ஊசி வந்து விளிம்பைக் கொத்தினால் பற்றிக்கொள்ளுமாம். "அப்பா முக்கின மருந்துக்கு இது சித்தப்பா பையன்" என்று சிரித்தார். என் பயம் அதில் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனாலும் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். காணாமல் போன வேட்டித் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, கம்பியில் சொருகி, குழலுக்குள் விட்டு எடுப்பார். துணி அழுக்கில்லாமல் வரும்வரை விடமாட்டார். என்னிடம் இரண்டு விஷயம் சொல்லி வைத்தார். தோட்டா இல்லாமல் விசையை இழுக்கக் கூடாது, ஊசி குழலின் ஓரத்தையே கொத்திப் பள்ளமாக்கிவிடும். வெறும் கையால் இரும்பைத் தொடக் கூடாது, வியர்வை பட்டால் கறை விழும். மூன்றாவதாகச் சொல்ல வேண்டிய ஒன்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றவும் தோன்றாது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தம்பி ஆபீஸ் வேலையாகக் கலிபோர்னியா போயிருந்தார். சரோஜா காருக்கும் தையல் மெஷினுக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்தாள். எனக்கு மனம் கேட்கவில்லை. கராஜ் சாவியை எடுத்துப் போய், பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்து, ஏழுக்கும் தலைக்கு மூன்று பொட்டு வைத்துக் குங்குமம் இட்டேன். சந்தனம் கொஞ்சம் நீர்த்துப்போய், ஒரு பொட்டு வழிந்து இரும்புக்கும் கட்டைக்கும் நடுவே இறங்கியது. முந்தானையால் ஒற்றிவிட்டேன். பூஜையில் வைத்ததை உடனே எடுக்கக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் தம்பி வந்தார். கராஜ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு அக்கா வச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு ஆயுதத்துக்கு வைக்காம மிக்ஸிக்கா வைப்பாங்க?"

சிரித்தார். "நல்லாத்தான் வச்சிருக்க. பத்து நிமிஷம், துடைச்சிட்டு வந்துர்றேன்" என்றார். விளக்கு வைக்கும் நேரம்தான் வெளியே வந்தார். மறுநாள் ஓட்டிஸ் வந்து, இருப்பதிலேயே பழைய துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்துப் போனார். பழைய சாமான்களை வீட்டு வாசலில் விற்கும் கராஜ் சேல் ஒன்றில் தம்பி கண்டெடுத்து, முதன்முதலாகப் பழுது பார்த்தது அது.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. போனது தேய்ந்த வெண்கலச் செம்பு நிறம். வந்தது கறுகறுவென்று புதுசாக மின்னியது. ஓட்டிஸ் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இது நம்மளது இல்லடா."

"நம்மளதுதான் அக்கா. ஓட்டிஸ் அண்ணன் பாலிஷ் பண்ணி மறுபடி கறுப்பு ஏத்தியிருக்கார்."

"துப்பாக்கியில நம்பர் இருக்கும்னு சொல்வாங்களே, பாரு."

"அந்தக் காலத்துல இதுக்கு நம்பர் போட்டாகணும்னு சட்டம் கிடையாது. இதுல இல்ல."

"அப்ப மாத்தி வச்சா யாருக்குத் தெரியும்?"

சொல்லும்போது என் விரல் ஓட்டிஸைக் காட்டிக்கொண்டிருந்தது. தமிழ் தெரியாதவருக்கும் அது புரியும். காபியைப் பாதியில் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. தம்பிதான் சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போனார். என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "அவர் அப்படிப்பட்டவர் இல்ல அக்கா" என்பார், அத்தோடு சரி. எனக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது. குற்றம் இல்லையென்றால் ஏன் விளக்கிச் சொல்லவில்லை? ஜன்னல் திரையை விலக்கி, அவர் வீட்டிலிருந்து போர்வை மூட்டை ஏதாவது போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

தம்பிக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸ் ஏற்றிப் போன அன்று, ஆபீசிலிருந்த சரோஜாவைத் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவர் ஓட்டிஸ். அந்த நேரத்திலும் ஓட்டிஸ் எதையாவது எடுத்துவிடுவாரோ என்று நான் கராஜ் பூட்டை இழுத்துப் பார்த்தேன். எழுதக் கூசுகிறது. நடந்தது அதுதான். நான்கு நாளில் தம்பி நம்மை விட்டுப் போனார். காரியத்தன்று வீடு நிறைய ஆள். ஓட்டிஸ் வெளியே தபால் பெட்டி பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றார்.

அந்தப் பழைய துப்பாக்கியை ஓட்டிஸிடம் கொடுத்துவிட வேண்டும் என்று தம்பி ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார். "அசல்தான் அவர்கிட்டயே இருக்கே, இன்னும் எதுக்கு?" என்று நான் தடுத்தேன். சரோஜா கேட்கவில்லை, அவரை வரவழைத்தாள். வந்தவர் வாசல் நிலையைத் தாண்டவில்லை.

"மதினி, நீங்க வரச் சொன்னாத்தான் வருவாராம்."

நான் வழிவிட்டு நின்றேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "நம்ம பழசு எங்கேன்னு கேளு" என்றேன். சரோஜா முகம் சிவக்கக் கேட்டாள்.

அவர் சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்துத் துப்பாக்கியைக் கவிழ்த்து வைத்தார். அடியில் ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றி, இரும்பைக் கட்டையிலிருந்து தூக்கினார். இரும்பின் அடிப்பக்கம் வழிந்த கோடாகப் பழுப்புத் துரு. கட்டைப் பள்ளத்தில் காய்ந்த மஞ்சள் பொருக்கு, அதன் ஓரத்தில் சிவப்பு. அப்போதும் என் புத்தி விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். மதுரையிலிருந்து நான் கொண்டு வந்த குங்குமம்.

சரோஜா அழுதுகொண்டே சொன்னாள்: "இந்தப் பழசுல மேல்பூச்சு தேஞ்சிருந்ததால சந்தனம் பட்ட இடம் பூரா துரு தின்னு பள்ளமாயிடுச்சாம் மதினி. அதான் பாலிஷ் பண்ணிக் கறுப்பு ஏத்தினாராம். இந்த ஒரு இடத்தை மட்டும் தொடாதீங்கன்னு உங்க தம்பி சொன்னாராம். 'எங்க அக்கா வச்சது, இருக்கட்டும்'னு. மேல பரவாம ஆயில் போட்டு வச்சிருக்காராம்."

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லக் கூடாதுன்னு இவர் சத்தியம் வாங்கிட்டாராம். தெரிஞ்சா நீங்க இந்த வீட்டுல எந்தச் சாமானையும் தொட மாட்டீங்களாம்."

என் மனம் நோகக் கூடாது என்று என் தம்பி தன் சிநேகிதர் மேல் விழுந்த பழியைத் துடைக்காமலே போனார். அந்தச் சிநேகிதர் அதைச் சுமந்துகொண்டு வெயிலில் நின்றார். தம்பியின் குணத்துக்கு நான் இதைவிட வேறு சாட்சி சொல்லத் தேவையில்லை. அன்று நான் போட்ட காபியை ஓட்டிஸ் முழுவதும் குடித்தார். துப்பாக்கியை நானே போர்வையில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். வெறும் கையால் தொடவில்லை.

பத்து நாளும் சமைத்துக் கொண்டுவந்த ரிச்சர்ட்சன் தமிழ்க் குடும்பங்களுக்கும், காரியத்துக்கு ஓடியாடி உதவிய ஆபீஸ் நண்பர்களுக்கும், ஊரிலிருந்து போனில் அழுதவர்களுக்கும் எங்கள் கும்பிடு.

சரோஜா, வருஷத்தையும் சாமான் பெயர்களையும் நீ சரிபார். அது போதாது. அச்சுக்குப் போகும் முன் இதை ஓட்டிஸுக்கு இங்கிலீஷில் சொல்லி வாசித்துக் காட்டு. விரல் நீட்டியதையும், பூட்டை இழுத்துப் பார்த்ததையும் விடாமல் சொல். அவர் எங்கே இல்லை என்கிறாரோ அங்கே திருத்து. அவர் சரி என்று தலையாட்டினால் போடு. இல்லையென்றால் என் பக்கத்தை எடுத்துவிடு.